இஷியின் ஐந்து அம்புகள்

வில்லாளியின் திறமை, அவன் நாணை இழுத்துக் குறி பார்க்கும் நொடியில்தான் வெளிப்படுகிறது என்று நாம் எண்ணுகிறோம். ஆனால் அந்த நொடி வருவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே அவனுடைய வெற்றியும் தோல்வியும் பெரும்பாலும் முடிவாகிவிடுகின்றன. எந்தக் கொம்பை வெட்டினான், எதை வேண்டாமென்று கழித்தான், எந்தப் பறவையின் இறகைக் கட்டினான், எந்தக் கல்லை முனையாகப் பொருத்தினான் என்பவைதாம் வேட்டைக்காலம் பிறக்கும்போது அவனுக்குக் கைகொடுக்கின்றன. தேர்வு மண்டபத்துக்குள் நுழையும் மாணவனின் நிலையும் ஏறக்குறைய இதுதான்!

இந்த உண்மையைத் தம் கைகளாலேயே உலகுக்குக் காட்டிச் சென்ற மனிதர் ஒருவர் இருந்தார். பள்ளிக்கூடத்தின் வாசலைக்கூட மிதித்தறியாதவர் அவர். ஆயினும் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் அவரிடம் பாடம் கேட்டார்கள். புகழ்பெற்ற அறுவை மருத்துவர் ஒருவர் அவருக்கு மாணவரானார். அவருடைய உண்மைப் பெயர் இன்றளவும் எவருக்கும் தெரியாது. உலகம் அவரை இஷி என்றே அழைக்கிறது.

அழிக்கப்பட்ட குடி

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தின் வடபகுதியில் லாசன் என்னும் எரிமலைச் சிகரம் உள்ளது. அப்பகுதி மலைகளிலிருந்து இறங்கும் மில் கிரீக், டீர் கிரீக் என்னும் இரு சிற்றாறுகள், ஆழ்ந்த பள்ளத்தாக்குகளை அறுத்துக்கொண்டு சாக்ரமெண்டோ ஆற்றை நோக்கி ஓடுகின்றன. யானா இனத்தின் தென்கிளையினரான யாஹி மக்களுக்கு அந்தப் பள்ளத்தாக்குகளே தாயகம். ஆற்றில் வரும் சால்மன் மீனும், மான் இறைச்சியும், ஓக் மரத்தின் கொட்டையை இடித்தெடுத்த மாவும் அவர்களுடைய உணவு. அந்தக் குடியில் 1860ஆம் ஆண்டையொட்டி இஷி பிறந்தார்.

அவர் பிறப்பதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னரே அக்குடிக்குக் கேடுகாலம் தொடங்கிவிட்டது. 1848இல் கலிபோர்னியாவில் தங்கம் கண்டெடுக்கப்பட்டது. பொன்னாசை பிடித்த கூட்டம் நாலா திசைகளிலிருந்தும் வந்து குவிந்தது. ஆறுகள் கலங்கின, மீன் குறைந்தது, மான் மேய்ந்த இடங்களில் குடியேறிகளின் மாடுகள் மேய்ந்தன. பசித்தவர்கள் மாட்டைக் கொன்றபோது, துப்பாக்கி ஏந்திய கூட்டங்கள் மலையேறி வந்து ஊர் ஊராகச் சுட்டுத் தள்ளின. 1845இல் கலிபோர்னியாவில் ஏறத்தாழ 1,50,000 பழங்குடி மக்கள் வாழ்ந்திருக்கலாம் என்றும், 1870இல் எஞ்சியவர் ஏறத்தாழ 30,000 பேரே என்றும் வரலாற்றறிஞர் கணிக்கின்றனர். நோய், பட்டினி, கொலை ஆகிய மூன்றும் சேர்ந்து செய்த அழிவு அது. யாஹி குடியிலோ விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே மிஞ்சினார்கள்.

அந்தச் சிலரும் பள்ளத்தாக்கின் முட்புதர்களுக்குள் ஒளிந்துகொண்டார்கள். ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள்! காலடி பதியாதிருக்கக் கல்லிலிருந்து கல்லுக்குத் தாவி நடந்தார்கள். புகை வெளியே தெரியாதபடி சிறு நெருப்பில் சமைத்தார்கள். இவ்வாறு வாழ்ந்தவர்களுக்கு வில்லும் அம்பும் வெறும் பழைய ஆயுதங்களாக இருக்கவில்லை. துப்பாக்கி வெடித்தால் அதன் ஓசை மலை முழுவதும் கேட்கும். ஒளிந்திருப்பவரின் இருப்பிடம் தெரிந்துவிடும். வில்லோ ஓசையின்றி உணவு தந்தது. இஷியின் அம்பு, மானைக் கொன்றதைக் காட்டிலும் பெரியதொரு வேலையைச் செய்தது. ஒரு குடியின் கடைசி மனிதர்களை அது மறைத்து வைத்தது.

அம்புகள் பறிபோன நாள்

1908ஆம் ஆண்டு, மின்திட்டம் ஒன்றுக்காக நில அளவையாளர்கள் சிலர் டீர் கிரீக் பள்ளத்தாக்குக்கு வந்தார்கள். புதர்களுக்கிடையில் மறைந்திருந்த சிறு குடியிருப்பை அவர்கள் தற்செயலாகக் கண்டார்கள். அங்கிருந்தவர் நால்வர்: இஷி, அவருடைய முதிய தாய், தங்கையோ உறவுப்பெண்ணோ என்று கருதப்படும் ஒரு பெண், ஒரு கிழவர். வந்தவர்களைக் கண்டு மற்றவர்கள் ஓடிவிட்டனர்; நடக்க இயலாத தாய் மட்டும் போர்வைக்குள் சுருண்டு கிடந்தார். வந்தவர்கள் அந்த மூதாட்டிக்குத் தீங்கு செய்யவில்லை. ஆனால் திரும்பிப் போகும்போது அங்கிருந்த வில், அம்பு, கூடை, தோலாடை முதலியவற்றை நினைவுப் பொருள்களாக அள்ளிச் சென்றுவிட்டார்கள்.

விளையாட்டாகச் செய்த செயல்தான். ஆனால் அதன் பொருள் என்ன என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். நல்ல அம்பு ஒன்று உருவாக எவ்வளவு நாள் ஆகும் என்பதைப் பின்னர்க் காண்போம். குளிர்காலம் நெருங்கும் வேளையில், பொறுக்கிச் சேர்த்த அம்புகளை இழப்பது, விதைநெல்லை இழந்த உழவனின் நிலைக்கு ஒப்பானது. ஓடிய பெண்ணையும் கிழவரையும் அதன் பிறகு எவரும் காணவில்லை. தாயும் விரைவில் மறைந்தார். இஷி தனித்து நின்றார்.

மூன்று ஆண்டுகள் கழிந்தன. 1911 ஆகஸ்டு இறுதியில், ஓரோவில் என்னும் ஊருக்கு வெளியே இருந்த இறைச்சிக்கூடத்தின் தொழுவத்தருகே, மெலிந்து களைத்த மனிதர் ஒருவர் நின்றிருந்தார். துக்கத்தின் அடையாளமாக அவருடைய தலைமயிர் தீய்த்துக் குறுக்கப்பட்டிருந்தது. ஊர்க் காவல் அதிகாரி அவரைச் சிறையில் வைத்தார். தண்டிப்பதற்காக அன்று, கூட்டத்திலிருந்து காப்பதற்காக. செய்தி நாளிதழ்களில் பரவியது. கலிபோர்னியாப் பல்கலைக்கழக மானிடவியல் அறிஞர் தாமஸ் வாட்டர்மன், யானா மொழிச் சொற்பட்டியல் ஒன்றை எடுத்துக்கொண்டு விரைந்தார். சொற்களை ஒவ்வொன்றாகப் படித்தார். அந்த மனிதரின் முகத்தில் எவ்வித மாற்றமும் இல்லை. இறுதியில் கட்டிலின் மரச் சட்டத்தைத் தட்டியபடியே, பைன் மரத்தைக் குறிக்கும் 'சிவினி' என்ற சொல்லைச் சொன்னார். அந்த முகம் மலர்ந்தது. மூன்றாண்டுகளாகத் தம் மொழியைக் கேளாதவரின் செவியில் விழுந்த முதற்சொல் ஒரு மரத்தின் பெயர்!

மருத்துவர் மாணவரானார்

1911 செப்டம்பர் தொடக்கத்தில் அவரைச் சான்பிரான்சிஸ்கோவில் இருந்த பல்கலைக்கழக அருங்காட்சியகத்துக்கு அழைத்து வந்தார்கள். தம் பெயரைத் தாமே சொல்லுதல் அவர் குடியின் மரபன்று. ஆகவே துறைத் தலைவர் ஆல்பிரட் குரோபர், யானா மொழியில் மனிதன் என்று பொருள்படும் இஷி என்ற சொல்லையே பெயராக வைத்தார். பழங்குடியினருக்கென ஒதுக்கிய நிலப்பகுதிக்குச் செல்லலாம் என்று அரசு கூறியபோது, அருங்காட்சியகத்திலேயே இருப்பதாக இஷி முடிவு செய்தார். அங்கே துப்புரவுப் பணியில் உதவியாளராக மாதம் 25 டாலர் ஊதியம் பெற்றார். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில் மக்கள் கூட்டம் சூழ, கல்லைச் செதுக்கி அம்புமுனை செய்து காட்டினார்.

அருங்காட்சியகத்தை அடுத்தே பல்கலைக்கழக மருத்துவமனை இருந்தது. அங்கே அறுவை மருத்துவராகப் பணியாற்றிய சாக்ஸ்டன் போப், 1912இல் இஷியுடன் பழகத் தொடங்கினார். நோயாளியைப் பார்க்க வந்தவர், வில்லைப் பார்த்து மயங்கினார். ஓய்வு கிடைத்தபோதெல்லாம் இஷியிடம் வில்வித்தை கற்றார். கானகத்தில் வளர்ந்த ஏகலைவனின் கட்டைவிரலை ஆசிரியர் கேட்டுப் பெற்ற கதை நமக்குத் தெரியும். இங்கே காட்சி மாறியது. கட்டைவிரலால் நாணை இழுக்கும் கானகத்து வில்லாளி ஆசிரியராகவும், பட்டம் பெற்ற மருத்துவர் மாணவராகவும் அமர்ந்தார்கள். போப் கண்டவற்றை அளந்தும் நிறுத்தும் குறித்து வைத்தார். 1918இல் யாஹி வில்வித்தை பற்றிய நூலாக வெளியிட்டார். இஷி அம்புகளைத் தேர்ந்த முறை நமக்குத் தெரிவது பெரிதும் அவர் எழுதி வைத்ததனால்தான்.

தேர்ந்தெடுக்கும் கலை

இஷியின் வில், ஜூனிப்பர் மரத்தில் செய்து, முதுகுப்புறத்தில் தசைநார் ஒட்டிய குட்டை வில். அதை முழுதும் இழுக்க ஏறத்தாழ 45 பவுண்டு விசை போதும். மிகுந்த வலிமை வாய்ந்த வில் என்று அதைச் சொல்ல இயலாது. எனவே வேட்டையின் சுமையில் பெரும்பகுதி அம்பின் மேல் விழுந்தது.

முதலில் தண்டு. ஹேசல் வகைக் குறுமரத்தின் நேரான இளங்கொம்புகளை அவர் விரும்பினார். 32 அங்குல நீளத்துக்கு வெட்டி, பட்டையை உரித்து, கட்டாகக் கட்டி நிழலில் உலரப் போடுவார். வெயிலில் போட்டால் விரைவில் உலரும். ஆனால் கோணும், வெடிக்கும். வாரக் கணக்காகவோ மாதக் கணக்காகவோ காத்திருந்த பிறகே கட்டைப் பிரிப்பார். அவற்றுள் நல்லவற்றை மட்டும் எடுப்பார். வேலையை ஐந்தைந்தாகச் செய்வது அவர் வழக்கம். சிறு வளைவு உள்ள தண்டைத் தணலின் மேல் காட்டிச் சூடேற்றி, கையாலும் கால் கட்டைவிரலாலும் அழுத்தி நிமிர்த்துவார். பின்னர்ப் பள்ளமிட்ட இரண்டு மணற்கற்களுக்கிடையில் வைத்து உருட்டித் தேய்த்து, 26 அங்குல நீளமுள்ள ஒரே சீரான தண்டாக்குவார்.

இந்தச் சீர்மை எதற்கு? நாணை விட்டவுடன் அம்பு விறைப்பான கோல்போலப் பாய்வதில்லை. பின்னாலிருந்து வரும் உந்துதலால் வளைந்து, வில்லைச் சுற்றி நெளிந்து, பிறகே நேராகிறது. 20ஆம் நூற்றாண்டின் அதிவேகப் புகைப்படங்கள் இதைத் தெளிவாகக் காட்டின. தண்டு மிகவும் விறைப்பாக இருந்தால் ஒரு பக்கம் விலகும். மிகவும் துவண்டால் மறுபக்கம் விலகும். ஒரு வில்லாளியிடம் உள்ள அம்புகள் யாவும் ஒரே எடையும் ஒரே விறைப்பும் உடையனவாக இருந்தால்தான், முதல் அம்பில் கற்ற பாடம் இரண்டாம் அம்புக்குப் பயன்படும். இன்று அலுமினியத்திலும் கரிம இழையிலும் அம்பு வாங்குவோர் அட்டவணை பார்த்து இதைத் தேர்கிறார்கள். இஷியிடம் அட்டவணை இல்லை, விரல்கள் இருந்தன.

அடுத்து முன்தண்டு. மானுக்கான அம்பின் முன்புறத்தில், மலை மகோகனி போன்ற கனத்த மரத்தில் செய்த 6 அங்குலத் துண்டு ஒன்றைச் செருகுவார். அதன் பின்முனையைக் கூராக்கி, தண்டில் துளையிட்டுப் பொருத்தித் தசைநாரால் கட்டுவார். முன்பாரம் மிகுந்த அம்பு நேராகச் செல்லும், ஆழமாக இறங்கும்.

மூன்றாவது இறகு. கழுகின் இறகே அவருக்கு முதல் விருப்பம். கிடைக்காதபோது பருந்து, வாத்து, காட்டுப்புறா முதலியவற்றின் இறகுகளையும் ஏற்பார். இறகை நடுத்தண்டோடு பிளந்து, சுரண்டி, ஊறவைத்து, அம்புக்கு மூன்றாக வைத்து, வாயில் மென்று மென்மையாக்கிய தசைநாரால் சுற்றுவார். இடச்சிறகின் இறகும் வலச்சிறகின் இறகும் எதிரெதிராக வளைந்தவை. அவற்றை ஓர் அம்பில் கலந்தால் அம்பு சீராகச் சுழலாது என்பது வில்லாளிகள் யாவரும் அறிந்தது.

இறுதியாக முனை. இங்கேதான் வேட்டைக்கு ஏற்ற தேர்வு முழுமை பெறுகிறது. சிறு பறவைகளுக்குக் கூர்முனை வேண்டியதில்லை. நுனியைத் தசைநாரால் சுற்றிய மொட்டை அம்பே போதும். மானுக்கோ, எரிமலைக் குழம்பு உறைந்து உண்டான கருங்கண்ணாடிக் கல்லை மான்கொம்பால் அழுத்தி அழுத்திச் செதில் செதிலாக உரித்து முனை செய்வார். நகரத்துக்கு வந்த பிறகு குப்பிகளின் கண்ணாடியிலும் அழகழகாகச் செய்தார். கல்முனை எஃகுக்கு ஈடாகுமா என்ற ஐயம் போப்புக்கு எழுந்தது. ஒரு பெட்டியை ஈரலால் நிரப்பி, மான் தோலால் மூடி, இரு வகை அம்புகளையும் எய்து பார்த்தார். கண்ணாடிக் கல் முனையே எஃகைவிட ஆழமாகச் சென்றது! ஆனால் எலும்பில் பட்டால் அது நொறுங்கிவிடும். ஆகவே எந்த அம்பு என்று தேர்வதோடு, எந்த நிலையில் எய்யலாம், எப்போது எய்யாமல் விடவேண்டும் என்று தேர்வதும் அந்த வில்லாளியின் கடமையாயிற்று.

40 கஜத் தொலைவில் வட்டப் பலகையைக் குறி வைத்தால் இஷி பெரிய வீரர் அல்லர். ஆனால் மிக அருகில், காடை அளவே உள்ள குறியை அவர் தவறவிடுவது அரிது. தொலைவை வெல்வதைவிட அருகில் நெருங்குவதையே அவர் தொழிலாகக் கொண்டிருந்தார். வேட்டைக்கு முந்திய நாள் மீன் உண்ணமாட்டார், புகை பிடிக்கமாட்டார். விடியலில் குளித்து, மணமுள்ள இலைகளை உடலில் தேய்த்துக்கொள்வார். விரலை உதட்டில் வைத்து முத்தமிடுவதுபோல் ஒலியெழுப்பி முயலை அழைப்பார். மானின் பாடம் செய்த தலையைப் புதருக்கு மேல் காட்டி உயிருள்ள மானை அருகே வரவழைப்பார். இவ்வளவும் செய்தபின் எய்யும் அம்பு வளைந்ததாக இருந்தால் எல்லா உழைப்பும் வீண். கழிக்கத் தெரியாதவன் தேரத் தெரியாதவன் என்பதை அவருடைய ஒவ்வோர் அம்பும் சொல்கிறது.

தாயகம் திரும்பிய கோடை

1914இல் குரோபர், வாட்டர்மன், போப், போப்பின் இளமகன் ஆகியோர் இஷியுடன் டீர் கிரீக்குக்குப் பயணம் செய்தார்கள். முதலில் இஷி போக விரும்பவில்லை. அங்கே அவருக்காகக் காத்திருந்தவை இறந்தவர்களின் நினைவுகளே அல்லவா? ஆனால் போன பிறகு அவர் ஆற்றில் நீந்தினார். ஒளிந்திருந்த இடங்களையும் பாதைகளையும் காட்டினார். மரம், செடி, மலை ஒவ்வொன்றுக்கும் பெயர் சொன்னார். பேராசிரியர்கள் குறிப்பெடுத்தார்கள். தம் மண்ணில் இஷியே ஆசிரியராக நின்ற நாள்கள் அவை.

அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. நகரத்தின் நோய்கள் அவர் உடலுக்குப் புதியவை. 1915 கோடையில் மொழியறிஞர் எட்வர்டு சபீர் வந்து அவரிடம் யாஹி மொழியைப் பதிவு செய்துகொண்டிருந்தபோதே அவர் உடல் நலிந்துவிட்டது. காசநோய் முற்றி, 1916 மார்ச் 25ஆம் நாள் இஷி காலமானார்.

அப்போது நியூயார்க்கில் இருந்த குரோபர், நண்பரின் உடலை அறுத்து ஆராய வேண்டாம் என்று மடல் எழுதினார். மடல் வந்து சேர்வதற்குள் அறுவை முடிந்துவிட்டது. மூளையும் தனியே எடுக்கப்பட்டுவிட்டது. நண்பர்கள் அவருடைய உடலோடு ஒரு வில், ஐந்து அம்புகள், ஒரு கூடை ஓக் கொட்டை மாவு, சிப்பிமணிகள், புகையிலை, சில கருங்கண்ணாடிக் கற்சில்லுகள் ஆகியவற்றை வைத்து எரியூட்டினார்கள். சாம்பல் ஒரு மட்கலத்தில் வைக்கப்பட்டது. எனினும், மடல் எழுதித் தடுக்க முயன்ற அதே குரோபரே, 1917இல் அந்த மூளையை வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு அனுப்பி வைத்தார். அன்பும் ஆராய்ச்சி ஆசையும் ஒரே நெஞ்சில் போராடினால் எது வெல்லும் என்பதற்கு இது ஒரு கசப்பான சான்று. 80 ஆண்டுகளுக்கு மேல் அது அங்கேயே இருந்தது. கலிபோர்னியாப் பழங்குடி மக்கள் விடாது முயன்று, 2000ஆம் ஆண்டில் மூளையையும் சாம்பலையும் பெற்று, வெளியார் அறியாத ஓரிடத்தில், அவருடைய தாயகத்திலேயே அடக்கம் செய்தார்கள். 2021இல், பெர்க்கிலி வளாகத்தில் குரோபர் பெயரைத் தாங்கியிருந்த கட்டடத்திலிருந்து அப்பெயர் நீக்கப்பட்டது.

இஷியின் அம்புமுனைகள் இன்னும் பேசுகின்றன. அவற்றின் வடிவம் யாஹி முனைகளைவிட அண்டைக் குடியினரின் முனைகளையே ஒத்திருப்பதாக 1990களில் ஓர் ஆய்வாளர் எடுத்துக்காட்டினார். அழிவுக் காலத்தில் எஞ்சியவர்கள் குடி வேறுபாடு மறந்து ஒன்றி வாழ்ந்திருக்கலாம் என்பதற்கு அது ஒரு குறிப்பு. பெயரைச் சொல்லாத மனிதர், தம் பிறப்பின் தடயத்தைக் கல்லில் விட்டுச் சென்றிருக்கிறார்.

போப் 1926இல் மறைந்தார். அவர் எழுதிய நூல்கள் அமெரிக்காவில் வில்வேட்டைக்குப் புத்துயிர் தந்தன. 1961இல் அவர் பெயராலும், அவருடைய தோழர் ஆர்தர் யங் பெயராலும் வில்வேட்டையாளர் சங்கம் ஒன்று தொடங்கப்பட்டது. அங்கே இலையுதிர்காலம் நெருங்கும்போது, அம்புகளை நிறுத்துப் பார்த்தும் சுழற்றிப் பார்த்தும் பொறுக்கும் வில்லாளிகளில் பலர், தங்கள் ஆசிரியருக்கும் ஓர் ஆசிரியர் இருந்தார் என்பதை அறிவார்கள்.

1908இல் இஷியின் அம்புகளை நினைவுப் பொருள்களாக எடுத்துச் சென்றவர்களுக்கு அவற்றின் அருமை தெரியவில்லை. எட்டாண்டுகள் கழித்து, ஐந்து அம்புகளை அவர் உடலருகே வைத்த கைகளுக்கு அது தெரிந்திருந்தது. இடையில் நிகழ்ந்தது என்ன? ஒரு மனிதர் தமக்குத் தெரிந்ததைப் பகையின்றிக் கற்றுக்கொடுத்தார். சிலர் பணிந்து கற்றார்கள். ஆயினும் கற்றவர்களே அவரை முழுமையாகக் காக்கத் தவறினார்கள் என்பதையும் நாம் மறத்தல் ஆகாது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களின் கைகளில் உள்ள அறிவை அளக்கவும் குறிக்கவும் கல்லூரி நமக்குக் கற்றுத் தருகிறது. அந்தக் கைகளுக்கு உரியவரை மதிக்கவும் சேர்த்துக் கற்றால்தான் நம் தூணியில் உள்ள அம்புகள் நேரானவை ஆகும்.